தைக்கக் கூடாத கிழிசல்

நடு ஆசியாவில், கோகந்து ஊர் நாடகக் கொட்டகையில் நான் தையல்காரி. போர் தொடங்கிய வருஷம் போலந்திலிருந்து தப்பி வந்த யூதர் கூட்டத்தில் லைசரும் ஒருவன். மனைவி பெய்லா, ஐந்து வயது மகள் கிட்டல், ஒரு வயலின். சொத்து அவ்வளவுதான்.

எங்கள் பாட்டெல்லாம் தொண்டையில்தான் இருந்தது, ஏட்டில் இல்லை. முப்பது பேர் சேர்ந்து வாசித்தால் ஆளுக்கொரு திக்கு. லைசர் பாடகர்கள் வாயைப் பார்த்தபடி ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் சுரமாக எழுதினான். அதை வைத்துத்தான் எங்கள் முதல் இசை நாடகம் எழுந்தது.

"நேத்து வந்தவன் எங்க பாட்டை எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்று சீண்டுவேன். சிரிப்பான்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். நாடகம் அரங்கேறும் நாள் விடியற்காலை விஷக் காய்ச்சல் பெய்லாவைக் கொண்டுபோனது. எனக்கு அது தெரியாது. மாலையில் லைசர் கோட்டின் மார்பு ஒரு சாண் கிழிந்து தொங்க வந்து நின்றான்.

மேலாளர் மெலிகுலொவ் கத்தினார். "பிச்சைக்காரனாட்டம் மேடைக்கு வர்றியா? இன்னிக்கு வாசிக்கலேன்னா ரேஷன் ரொட்டி அட்டை கிடையாது, தெரியும்ல?"

கோட்டைப் பிடுங்கித் தைத்துக் கொடுத்தேன். லைசர் பார்த்தான். சரக்கென்று மறுபடி கிழித்தான்.

"அடப்பாவி! நூல் கிடைக்கிற காலமாடா இது?"

"அக்கா, பெய்லா போயிட்டா. மதியம்தான் புதைச்சேன். எங்க வழக்கப்படி சாவுக்குக் கிழிச்சதை ஏழு நாள் தைக்கக் கூடாது. வாசிக்கவும் கூடாது. வாசிக்கலேன்னா கிட்டலும் செத்துடுவா. அதனால வாசிக்கிறேன். இதையாவது விட்டுடுங்க."

என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

உடைப் பெட்டியிலிருந்து கருநீல நீள அங்கியை எடுத்துக் கிழிந்த கோட்டின்மேல் போர்த்தி, இடுப்பில் துணி கட்டினேன். எங்கள் ஊரில் சாவு வீட்டு ஆண்கள் வாசலில் நிற்கும் கோலம் அது. மெலிகுலொவ் அதைப் பார்த்துவிட்டு வழிவிட்டு நகர்ந்தார்.

லைசர் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தான். அவன் கோலத்தைக் கண்ட சனங்களுக்கு விஷயம் வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. திரை விழுந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. கொட்டகை முழுக்க, எங்கள் வழக்கப்படி உள்ளங்கைகளை ஏந்தி, செத்தவளுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

அந்த வேண்டுதல் புரியாத லைசர் வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தான்.

"யாருமே கைதட்டலையே, அக்கா. அட்டையைப் பிடுங்கிடுவாங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்த்து அவன் இன்னும் பயந்துபோனான்.