கிழக்கு ஓரத்து மூன்று துளைகள்

பூம்பாறை பஸ் கண்டக்டர்தான் சேதி சொன்னார். "உங்க ஆர்க்கிடெக்ட் அருளப்பன் ஐயா வெள்ளனே தவறிட்டாருங்க." ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த நான், கையில் கயிற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வரைந்ததைக் கட்டி முடிக்கும் ஓவர்சீயராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். வெயிலடிக்கிற நாளில் அவர் எந்த மனையையும் பார்க்க வரமாட்டார் என்பது இந்த மலையில் இருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். "மழை பெய்யும்போது கூப்பிடுங்க. தண்ணி எங்குட்டுப் போகுதுன்னு பாத்துட்டுத்தான் பென்சிலத் தொடுவேன்" என்பார். கவுஞ்சியில் உருளைக்கிழங்குக் கிட்டங்கி கட்ட நினைத்த வியாபாரி மழைக்காக ஒரு மாதம் காத்திருந்து, "இவருக்கு வேற சோலி இல்லையா?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். அந்தக் கிட்டங்கியில் இன்றுவரை ஒரு மூட்டைகூட நனைந்ததில்லை.

பிறகு ஒரு பள்ளியின் பெண்பிள்ளைகள் விடுதி வந்தது. பின்னால் செங்குத்தான சரிவு. அதைத் தாங்க ஒரு கல்சுவர். சுவருக்குப் பின்னால் ஜல்லிதான் நிரப்ப வேண்டும் என்று படத்தில் எழுதியிருந்தார். அப்போதுதான் மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்கி, சுவரில் விட்ட துளைகளால் வெளியேறும். மண்ணைப் போட்டால் நீர் உள்ளேயே தேங்கிச் சுவரைத் தள்ளும். அவர் காய்ச்சலாக மதுரையில் கிடந்த நேரம், ஜல்லி லாரி மலைப்பாதையில் மாட்டிக்கொண்டது. கொத்தனார்கள் திருவிழாவுக்குப் போகப் பறந்தார்கள். கிழக்கு ஓரத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் செம்மண்ணைப் போட்டு மூடச் சொன்னவன் நான்தான்.

திரும்பி வந்தவர், "பூராவும் ஜல்லிதானே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அந்தச் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் குடிவந்தார்கள்.

முதல் மழையில் எல்லாத் துளைகளும் ஒழுகின. கிழக்கு ஓரத்து மூன்று மட்டும் காய்ந்து கிடந்தன. மறுபடியும் கேட்டார். "அந்தப் பக்கம் ஊத்து இல்லைங்க" என்றேன். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை போய்விடுமே என்ற பயம். இந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

சுவரைத் திறந்து பார்க்கவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். "நல்லா நிக்கிற சுவர எதுக்கு இடிக்கணும்? உங்க ஓவர்சீயரே சரின்னு சொல்றாரே" என்றார்கள். மேலே ஒரு வாய்க்கால் வெட்டி, சரிவில் இறங்கி வந்த நீரைத் திருப்பிவிட்டார். அதற்குமேல் செய்ய அவருக்கு வழியில்லை. என் சொல் குறுக்கே நின்றது.

அந்த வருஷம்தான் சென்னையில் பெரிய வேலை கூப்பிட்டது. அவர் மனைவி பாத்திரங்களைக்கூடப் பெட்டியில் கட்டிவிட்டார்கள். "கையெழுத்துப் போட்டவன் நான். அந்தச் சுவர யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்று இருந்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் குடையோடு கிழக்கு ஓரத்தில் போய், சுவர் நகர்கிறதா என்று கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். குளிர் சுகம் கண்டவர், மலையை விட்டு இறங்கமாட்டார் என்று கேலி செய்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

ஒருநாள் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "நனையாதய்யா, உள்ள வா" என்று குடையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் நேரே நிர்வாகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிழக்கு அறைகளைக் காலி செய்துவிட்டார்கள். மழை விட்டதும் சுவரைத் திறப்பார்களாம். பிறகு அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார்கள்.

"சுவரத் திறக்கிற வரைக்கும் அங்க ஒரு ஆள் நிக்கணும்ல" என்றார்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் குடைதான். இன்று மத்தியானமும் மழை பெய்தது. கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று துளைகளும் காய்ந்தே கிடந்தன.