பச்சியப்பன் மேல் கட்டிய பணம்

மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலை உலகச் சண்டைக் காலத்தில் நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனபோது, பாப்பாரப்பட்டிப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. புளியும் நிலக்கடலையும் இனி மாட்டு வண்டியில்தான் மொரப்பூர் போய்ச் சேர வேண்டும். நஞ்சம்மாளின் புருஷன் பச்சியப்பனுக்கு வாரத்தில் இரண்டு நடை தப்பாமல் கிடைத்தது. கூலி கைக்கு வந்த சூட்டோடு மங்காத்தாவும் வந்தது.

சீட்டைப் பிரித்து உள்ளே, வெளியே என்று போடுகிற ஆட்டம். சந்தைக்கு அடுத்த புளியந்தோப்பில் ராஜப்பன் என்பவன் ஜமுக்காளம் விரித்து நடத்தினான். முதலில் பச்சியப்பன் நின்று வேடிக்கை பார்த்தான். பிறகு குந்திப் பார்த்தான். பிறகு விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தான்.

"விட்டதப் புடிச்சிட்டன்னா அந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன், புள்ள" என்பான். ஒரு தடவை பிடித்தும் விட்டான். அன்று அவளுக்குச் சேலையும் வீட்டுக்கு வெல்லமும் வாங்கி வந்தான். மறுவாரம் அதோடு விதைக்கடலையும் சேர்ந்து போயிற்று. குடி கிடையாது, கை நீட்டி அடித்ததும் கிடையாது. அதனாலேயே நஞ்சம்மாள் யாரிடமும் போய் முறையிட முடியவில்லை. "தங்கமான மனுசன், உனக்கென்ன கொற?" என்றார்கள்.

ஒரு ஆடி மாதம் வண்டி வரும் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். நுகத்தடியின் ஒரு பக்கம் மாடு. மறுபக்கம் பச்சியப்பன் தோள் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தான். ஜோடி மாட்டில் ஒன்று தோப்பிலேயே தங்கிவிட்டது. நஞ்சம்மாள் மாட்டை அவிழ்த்து முதலில் அதற்குத் தண்ணீர் காட்டினாள்.

அவன் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு தடவ கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். என்னால ஆவல புள்ள. காசப் பாத்தா காலு தானா அங்க போவுது. யாராச்சும் என்னத் தடுக்கணும்."

அது நடிப்பில்லை என்று நஞ்சம்மாளுக்குத் தெரிந்தது. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சாமிகிட்டச் சொன்னது சாமிக்கு மட்டுந்தானுங்க தெரியும். ஊருக்குச் சொல்லிருவோம்."

அடுத்த சந்தையில் தமுக்கு அடிக்கிற கரியனைப் பிடித்தாள். செய்தியைக் கேட்டதும் அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "ஏலத்துக்கு அடிச்சிருக்கேன், காணாமப் போன மாட்டுக்கு அடிச்சிருக்கேன். இதுக்கு அடிச்சதில்லைங்களே" என்றான். பச்சியப்பனே பக்கத்தில் நின்று, "அடிங்க" என்றான்.

தமுக்கு முழங்கியது. வண்டிக்காரர் பச்சியப்பனை யாரும் ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது, கைமாத்து கொடுக்கக் கூடாது, அவர் வண்டி மாட்டை அடகாக வாங்கக் கூடாது. சந்தை முழுக்கச் சிரித்தது. பச்சியப்பன் கடைசி வரிசைவரைக்கும் கரியனோடு கூடவே நடந்தான். ராஜப்பன் எழுந்து நின்று, "சரிங்க, என் சமுக்காளத்துல அவருக்கு எடமில்ல" என்று எல்லோர் எதிரிலும் வாக்குக் கொடுத்தான்.

அதே வாரம் மாதேஸ்வரன் வீடு தேடி வந்தான். அவனும் வண்டிக்காரன், பச்சியப்பனைவிட மூத்தவன். "நஞ்சம்மா, எங்கிட்ட ஒரு மாடு சும்மாதான் நிக்குது. பூட்டிக்கட்டும். நடைக்கு நானும் அவனும் சேந்தே போறோம். அவன் கூலிய நானே வாங்கியாந்து உன் கையில குடுத்துடறேன்" என்றான். நஞ்சம்மாளுக்கு அழுகை வந்தது. கூடப் பிறந்த அண்ணன் இப்படிச் செய்வானா என்று நினைத்தாள்.

சொன்னபடியே செய்தான். பச்சியப்பன் வண்டிக்குப் பின்னால் எப்போதும் அவன் வண்டி வந்தது. தோப்பு வந்தால் இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டான். முதல் மாதம் பச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். மூன்றாம் மாதம் வீட்டுக்கூரைக்கு ஓலை மாற்றினான்.

அப்போதுதான் சந்தையில் கீரை விற்கும் குள்ளம்மாள் அவள் காதில் போட்டாள். "உன் வூட்டுக்காரரு மேல பணம் கட்டியிருக்காங்கடி. பொங்கல் வரைக்கும் சீட்டத் தொடாம தாங்குவாரா மாட்டாரான்னு. ராஜப்பந்தான் நடத்தறான். தாங்க மாட்டாருன்னுதான் பாதிப் பேரு கட்டியிருக்கறது."

நஞ்சம்மாள் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் ரோஷத்தில் போய் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தாள். பொங்கல் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

பொங்கல் வந்தது. மறுநாள் மாதேஸ்வரன் புது வேட்டியில் வந்தான். பச்சியப்பன் மாட்டைக் கழுவ ஏரிக்குப் போயிருந்தான்.

"அந்த மாடு இனிமே உங்களுதே, நஞ்சம்மா. திருப்ப வேண்டாம்."

"எதுக்குங்கண்ணா?"

மாதேஸ்வரன் ஒளிக்கவில்லை. "நான் தாங்குவான்னு கட்டியிருந்தேன். நூத்தம்பது ரூவா வந்துச்சு. உனக்கும் பங்கு வேணுமில்ல? நீ பட்ட பாட்டுக்கு."

ஆறு மாதமாக வண்டிக்குப் பின்னால் வந்த வண்டி, கயிற்றைப் பிடித்த கை, கையில் எண்ணி வைத்த கூலி எல்லாம் நஞ்சம்மாள் கண்ணெதிரே ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. மாட்டைக் கொண்டு போ என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒற்றை மாட்டோடு நடை போக முடியாது என்பதும் தோன்றியது. "செரிங்கண்ணா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

இரண்டு நாளில் பச்சியப்பனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ராஜப்பனே வழிமறித்து, "உன்னால கையைச் சுட்டுக்கிட்டேன்யா, கெட்டிக்காரன்தான் நீ" என்று முதுகில் தட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து நின்றான். குரல் உயரவில்லை. "என்னைய வெச்சு ஆடியிருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"மாடும் அந்தக் காசுதானா?"

"ஆமாங்க."

"எல்லாரும் ஆடலாம். நீயுங்கூட ஆடலாம். நான் மட்டும் ஆடக் கூடாது, இல்ல?"

அவன் மாதேஸ்வரன் கொடுத்த மாட்டை அவிழ்த்துத் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போனான். வாக்குக் கொடுத்த ராஜப்பன் ஜமுக்காளத்தில் நகர்ந்து இடம் விட்டான். "கெடு முடிஞ்சு போச்சில்ல" என்றானாம். மாசி முடிவதற்குள் மற்ற மாடும் வண்டியும் போயின. மாதேஸ்வரன் ஒருநாள் தெரு முனைவரை வந்து, நஞ்சம்மாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அதன்பின் நஞ்சம்மாள் ஒரு புளி மண்டியில் கொட்டை தட்டும் வேலைக்குப் போனாள். பச்சியப்பன் அதே மண்டியில் மூட்டை தூக்கினான். அவன் கூலியைத் தன்னிடம் தரும்படி அவள் கேட்டபோது மண்டிக்காரர், "உம் புருசன் வந்து சொல்லட்டும்மா" என்றார்.

அவன் ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சொன்னான். கொட்டை தட்டுகிற இருபது பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க, "என் கூலிய அவகிட்டயே குடுத்துருங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க" என்றான். பிறகு கேட்கவும் செய்தான், ஒருமுறை அழவும் செய்தான். மண்டிக்காரர் அசையவில்லை. யாரும் அதில் பணம் கட்டவில்லை என்பதை நஞ்சம்மாள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

தோப்பைத் தவிர்த்து ஏரிக்கரை சுற்றி அவனோடு நடந்து போனாள், நடந்து வந்தாள். ஆனாலும் இரண்டு தடவை தவறினான். ஒரு தடவை தலைப்பாகைத் துணியை வைத்து ஆடினான், இன்னொரு தடவை அடுத்தவன் காசில். இரண்டு தடவையும் அவள் கேட்பதற்கு முன் தானே வந்து சொன்னான். முன்பெல்லாம் அப்படிச் சொன்னதே இல்லை. உலகச் சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், ஊரில் கொடி ஏற்றினார்கள். அந்த வருஷம் முழுக்க அவன் சீட்டைத் தொடவில்லை.

நஞ்சம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. சந்தையில் குள்ளம்மாள் ஒருநாள் ஆசையாகக் கையைப் பிடித்து, "வூட்டுக்காரரு இப்பத் தேவலையாடி?" என்று கேட்டாள்.

"நீ எவ்வளவு கட்டியிருக்கற?" என்றாள் நஞ்சம்மாள்.

குள்ளம்மாளின் முகம் செத்துப்போயிற்று. அவள் யார் மேலும் காலணா கட்டியவள் இல்லை. அதற்குப் பிறகு அவள் நஞ்சம்மாளைக் கண்டால் கீரைக்கூடைப் பக்கம் குனிந்துகொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில், மண்டியிலிருந்து ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது பச்சியப்பன் நின்றான்.

"சீட்டத் தொட்டு இன்னியோட ரெண்டு வருசம் ஆவுது, புள்ள."

அவன் எதையோ எதிர்பார்த்துச் சொன்னான் என்று அவளுக்குப் புரிந்தது. கொடுத்திருக்கலாம். நாலு வார்த்தை, காசா பணமா. ஆனால் முன்பு இப்படி நாள் எண்ணியவர்கள் பணம் கட்டியவர்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"எண்ணாதீங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். மூட்டை தூக்கித் தூக்கிச் சாய்ந்துபோன தோளோடு முன்னால் நடந்தான். அவள் அவன் முதுகைப் பார்த்தபடி, இரண்டடி பின்னால், வழக்கம்போல நடந்தாள்.