காய்ந்த படங்கு

நானுஓயா ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் நனைந்த சாக்கொன்றை அடுப்போரம் காயப்போட்டிருந்தார்கள். ஈரச் சணலில் புகை ஏறும் அந்த வாசனை, இடித்துத் தேயிலை நட்டுவிட்ட எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு, என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு மாலையில் சொட்டச் சொட்ட வரும். அதை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, விடியும்போது சூட்டோடு அம்மாவின் கையில் கொடுப்பது அப்பாவின் வேலை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கை காய்த்த மனுஷன், ரொட்டி சுடுகிற கவனத்தோடு திருப்புவார்.

"பொஞ்சாதி சாக்கக் காயவைக்கிற ஆம்பளைய இங்கதான் பாக்குறேன்" என்பார் அடுத்த காம்பராச் செல்லம்மா.

"ஒங்க சாக்கையும் குடுங்கக்கா, சேத்தே காயட்டும்" என்பார் அப்பா.

கொழும்புக் கடையொன்றில் அப்பாவுக்கு வேலை சரியாகி, இனி தீபாவளிக்குத்தான் வீட்டுக்கு வரலாம் என்றாகி, பை கட்டி வைத்த விடியலிலும் அவர் படங்கைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். அன்று மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பை ஆணியில் தொங்கியது. அப்பா அடுப்படியில் இருந்தார். கொழும்புக்குப் போகவில்லை. காலையில் வாசலில், "நாளையிலருந்து நீயே காயப்போட்டுக்க" என்ற அப்பாவிடம், வேலைக்குக் கிளம்பிய அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னது இவ்வளவுதான்:

"நா காயப்போட மாட்டேன். ஈரத்தோடயே கட்டிக்கிட்டுப் போவேன்."