மேஸ்திரி பார்த்த குகைக்கோயில்

என் வீட்டு மாடியை இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு மேஸ்திரி. பாறையைக் குடைந்து கோயில் செய்தவர்களின் வேலையைப் பார்த்தாவது அவருக்கு உறைக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குக் காரில் அழைத்துப்போனேன். காதில் செருகிய பென்சிலோடு வந்தார். எது நேராக இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பது அவர் பழக்கம். சிற்பங்களைத் திறந்திருக்கும் அந்த ஒரு கண்ணாலும் பார்க்கவில்லை. பாதி குடைந்து கைவிட்ட ஒரு குகை முன்னால் மட்டும் ரொம்ப நேரம் பக்தியோடு நின்றார்.

திரும்பும் வழியில், "மாடி எப்போ முடியும் மேஸ்திரி?" என்றேன்.

"ராசா குடுத்த வேலையே பாதில நிக்குது சார். நமக்கு இன்னா அவசரம்?"

சாக்குக்கு அவரிடம் என்றுமே பஞ்சமில்லை. இந்த ஒன்றை மட்டும் நானே பெட்ரோல் போட்டு அழைத்துப்போய் எடுத்துக் கொடுத்தேன்.