காலி டப்பா

ஒரு வருஷம் ஒரே ரயிலில் மதுரைக்குப் போய்வந்தும் என் அத்தைக்கு அந்தப் பெட்டியில் ஒருத்தர் பேரும் தெரியாது. அதை அவள் ஒரு பெருமையாகவே வைத்திருந்தாள். அப்பாவுக்கும் அதில் ஏகத் திருப்தி.

"போனமா, வேலையப் பாத்தமா, வந்தமான்னு இருக்கணும். நாலு பொம்பளைக கூடி ஒக்காந்தா அங்க என்ன பேச்சு நடக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்பார். அப்பா லேடீஸ் பெட்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் தெரியும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பி.காம். படித்துவிட்டு மதுரையில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் திண்டுக்கல்லிலிருந்து பாசஞ்சர் ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்புதல். சாமான் வைக்கும் பலகையின் ஓரமாக நின்றுகொண்டு வெளியே பார்த்தபடி வருவாள். யாராவது தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாலும் "பரவால்லங்க" என்று சொல்லிவிடுவாள். நன்றாக வேலை செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அவள் எண்ணம். பரீட்சையில் அப்படித்தான் நடந்திருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. முழுப்பரீட்சை லீவு. தம்பியைப் பெற்றெடுக்க அம்மா ஆத்தூருக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உடன் போனால் அம்மாவைச் செத்த நேரம் படுக்க விடமாட்டேன் என்பது பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. அப்பாவின் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே என்னை உட்காரவைக்க முடியாது. ஆகவே அந்த மே மாதம் முழுக்க நான் அத்தையோடு மதுரைக்கு வேலைக்குப் போனேன். அப்படித்தான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அத்தை ஒரு வருஷமாகக் காப்பாற்றி வந்த மௌனத்தை நான் அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை வருவதற்குள் உடைத்துவிட்டேன். லேடீஸ் பெட்டி ஒரு பெரிய வீடுபோல இருந்தது. ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். கொடைரோட்டில் மல்லிகைப் பூ மூட்டைகள் ஏறியதும் பெட்டியே மணக்கும். இந்த ராஜ்ஜியத்துக்குத் தலைவி பேகம்பூர் அக்கா. மதுரையில் நர்ஸ். அவருடைய குரலுக்கு ரயில் சத்தமே அடங்கிப்போகும். அவர் எதிரில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர் தாடிக்கொம்பு அக்கா. விடிவதற்குள் சமைத்துவைத்துவிட்டு, பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து, ரயிலேறி, மதுரையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தார். நெற்றியில் எப்போதும் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதிகம் பேசமாட்டார். ஆனால் யார் பேசினாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

தாடிக்கொம்பு அக்கா என்னைப் பார்த்த முதல்நாளே ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். உள்ளே குழிப்பணியாரம், ஓரத்தில் காரச் சட்னி. அத்தை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வாடிப்பட்டிக்குள் பாதி டப்பா காலி. இறங்குகிற அவசரத்தில் மீதியோடு டப்பா எங்கள் பையிலேயே வந்துவிட்டது.

அன்று ராத்திரி அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பணியாரம் தீர்ந்துவிட்டது, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அடுத்தவர் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது உள்ளே இருக்க வேண்டும். அத்தைக்கோ பழகவும் விருப்பமில்லை, மரியாதை கெடவும் மனமில்லை. கடைசியில் அடுப்பைப் பற்றவைத்து ரவா உருண்டை பிடித்தாள். அவள் அதுவரை வெந்நீர் மட்டுமே தனியாக வைத்திருந்தாள்.

மறுநாள் பேகம்பூர் அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பிறகு அதை இருக்கைப் பலகையில் டொக் டொக்கென்று தட்டினார். "யம்மாடி, செயினைப் புடிச்சு இழுக்கத் தேவையில்ல. இதுல ரெண்ட தண்டவாளத்துல வச்சா வண்டி தானா நின்னுரும்" என்றார். அத்தையின் முகம் சிவந்துபோயிற்று. தாடிக்கொம்பு அக்கா மட்டும் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து, கன்னம் உப்பியபடியே, "வாடிப்பட்டில வாயில போட்டேன். சமயநல்லூர் தாண்டியும் கரையல. நல்லது, பசிக்காதுல்ல?" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. அன்றைக்குப் பேகம்பூர் அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தபோது 'பரவால்லங்க' வரவில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எங்களையெல்லாம் அவ்வப்போது ஒரு ஓட்டலில் கூட்டிவைத்து, வேலையில் முன்னேறத் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, கையை எவ்வளவு அழுத்திக் குலுக்க வேண்டும், பெயர் அட்டையை எந்தப் பக்கம் திருப்பி நீட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார். எனக்கு அந்த ஏ.சி. குளிரிலும் பணியார வாசனை வந்துவிடும். கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

ரவா உருண்டைக்குப் பிறகு அந்த டப்பா ஓயவே இல்லை. தாடிக்கொம்பு அக்கா சுண்டல் கொடுத்தால் அத்தை மாங்காய் கீறி உப்புமிளகாய் தடவிப் போடுவாள். அது கொழுக்கட்டையாகத் திரும்பும். அதற்குப் பதில் நெல்லிக்காய் போகும். நடுவில் பேகம்பூர் அக்காவின் தேங்காய்ச்சோறும் கோலா உருண்டையும் வேறு. அத்தைக்கு எல்லோர் பேரும், எல்லோர் பிள்ளைகள் பேரும் தெரிந்துவிட்டது. வீட்டில் மட்டும் அப்பாவுக்கு எதிரில் பழையபடி ஊமை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது டைல்ஸ் கடையில் முதலாளியின் மச்சான் மகன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஒரு வாரம் அத்தையிடம் கணக்கு கற்றுக்கொண்டான். அடுத்த வாரம் முதலாளி அத்தையைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. சொந்தக்காரப் பய, தட்ட முடியல" என்றார். நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து டைல்ஸ் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு அது வெறும் வேலை போகிற விஷயம் இல்லை. அப்பா நத்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். மாந்தோப்பு, புளியந்தோப்பு எல்லாம் உண்டு. பெண்ணை வேலைக்கு அனுப்பும் வழக்கம் மட்டும் அவர்கள் வீட்டில் கிடையாது. அத்தை வேலையைக் காட்டித்தான் தள்ளிப்போட்டு வந்தாள். வேலை போய்விட்டால் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அந்த ரயிலை விட்டு இறங்குவதுதான் அவளால் முடியவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு அடுப்படிக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் டப்பாவைக் கழுவித் துடைத்து நீட்டினாள். தாடிக்கொம்பு அக்கா திறந்து பார்த்தார். காலி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. நம் வீட்டு மானம் இப்படியா ரயிலில் போக வேண்டும், ஒரு வாழைப்பழமாவது வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா என்று அத்தையின் மேல் ஆத்திரமாக வந்தது. அக்கா டப்பாவை மூடவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள ஆச்சு?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கென்று யாரிடமும் எதையும் சொல்லியறியாதவள், ஏதோ கோளாறான கணக்கை ஒப்புவிப்பதுபோலத் திக்கித் திக்கிச் சொன்னாள்.

பேகம்பூர் அக்கா முதலாளியை வாய்க்கு வந்தபடி வைதார். தாடிக்கொம்பு அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சமயநல்லூர் தாண்டியபிறகுதான் திரும்பினார்.

"கம்ப்யூட்டர்ல கணக்குப் போடத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நோட்டுலதான்."

"நாளைலருந்து எம்பக்கத்துல ஒக்காரு."

"ஏன்க்கா, ஒங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாகளா?" என்றார் பேகம்பூர் அக்கா.

"எடுப்பாக."

"நீங்க சொல்லவே இல்ல?"

"இனிமேத்தான் எடுப்பாக" என்று சொல்லிவிட்டு அக்கா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பெட்டியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அக்கா கம்ப்யூட்டரின் பொத்தான்களையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து வந்திருந்தார். அதை மடியில் விரித்து, எதை அமுக்கினால் எது வரும் என்று சொல்லச் சொல்ல அத்தை விரலால் தொட்டுப் பழகினாள். "பேங்க் கணக்கும் நம்ம கணக்கும் ஒக்காரலன்னா மொதல்ல எங்க பாப்ப?" என்று திடீரென்று கேட்பார். அத்தை சரியாகச் சொன்னால், "ம், அப்பறம்?" தப்பாகச் சொன்னாலும், "ம், அப்பறம்?" தான். அவர்கள் ஓய்கிற நேரத்தில் நான் அந்தத் தாளை வாங்கி ஆர்மோனியம் வாசிப்பேன்.

பம்ப்செட் கம்பெனி முதலாளி வரச்சொன்ன நாளில் பெட்டியே அத்தையை அலங்கரித்தது. பேகம்பூர் அக்கா, "கட்டுன கட்டப் பாரு, சேலைய வேற யாருக்கோ கட்டிவிட்டாப்ல" என்று அவிழ்த்து மடிப்புவைத்துக் கட்டிவிட்டார். கொடைரோட்டில் ஏறிய பூக்கார அக்கா அவசர அவசரமாக ஒரு முழம் தொடுத்துக் கொடுத்தாள். "பயப்படாத. எம்புட்டுக் கேட்டாலும் தெரிஞ்சதத் தெரியும்னு சொல்லு, தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு. எங்க மொதலாளிக்கு அது போதும்" என்றார் தாடிக்கொம்பு அக்கா.

வேலை கிடைத்தது. டைல்ஸ் கடையை விடச் சம்பளமும் கூட. அத்தை வீட்டில் சொன்னதும் அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு, "நான் சொல்லல? ஒழுங்கா வேலையப் பாத்தா தன்னால வரும்" என்றார். நத்தத்து மாப்பிள்ளைக்கு அந்த வருஷ ஆவணியில் வேறு இடத்தில் பெண் அமைந்தது. அத்தைக்குப் பிற்பாடு அமைந்த மாமா சீசன் டிக்கெட்டைத் தன் கையாலேயே வாங்கிக் கொடுப்பவராக இருந்தார். இன்றைக்கு அதே கம்பெனியின் கணக்குப் பிரிவு முழுவதும் அத்தையின் பொறுப்பில் இருக்கிறது.

அத்தை புது வேலையில் சேர்ந்த நாளில் எனக்கு இன்னும் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. நானும் கூடப் போனேன். பெட்டியில் தாடிக்கொம்பு அக்காவைக் காணோம். அவர் இடத்தில் யாரும் உட்காரவும் இல்லை. பேகம்பூர் அக்கா அதிசயமாக வாயைத் திறக்காமல் வந்தார்.

"தாடிக்கொம்பு அக்கா எங்க அத்தை?"

"அவுக இனிமே வரமாட்டாக."

"ஏன்?"

"அவுக மாமியாருக்கு வாதம் வந்து படுத்துட்டாக. வீட்ல பாத்துக்க ஆள் வேணும்ல."

நான் சரியென்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். மற்றது, நானே வேலைக்குப் போன பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும். பணியாரம் வந்த முதல்நாளுக்கு முன்பே அக்காவின் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள், மே மாதத்தோடு நின்றுவிட வேண்டும் என்று. அக்கா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம் மட்டும், "ஆளை நானே கூட்டிட்டு வாரேன்" என்றிருக்கிறார். அத்தனை நாளும் அவர் மடியில் தாளை விரித்துச் சொல்லிக்கொடுத்தது தன்னுடைய வேலையைத்தான். அது அத்தைக்குத் தெரியவந்தது, வேலை கிடைத்துக் கண்ணீரோடு அவர் கையைப் பிடித்த அன்றைக்கு.

எட்டு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. புது ஆபீஸ் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஃபேன் இருந்தது, சுழலும் நாற்காலி இருந்தது. அத்தையின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ. அதன் கதவின் உட்பக்கம் கைகழுவிவிட்டு வந்து முகம் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக மெரூன் நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. நான் ஒன்றை உரித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, "அத்தை, நல்லா இருக்கா?" என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து என் நெற்றியிலிருந்து அதை மெல்ல உரித்தாள். நான் எடுத்த இடத்திலேயே, கண்ணாடியின் ஓரத்தில், விரலால் அழுத்தி அழுத்தி மறுபடி ஒட்டினாள். அந்த நிறம் எனக்கு எடுப்பாக இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.