கழுகு பெற்ற வாண்டு

எங்கள் கம்பெனியில் என் தம்பி பெண்டாட்டிக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர் சூப்பர்வைசர். திட்டுவதற்காக வைத்தாரா, மெச்சுவதற்காக வைத்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சட்டை தைக்கும் கம்பெனி. தைத்து முடித்த சட்டை செக்கிங் மேஜையில் அவள் கையைத் தாண்டித்தான் இஸ்திரி மேஜைக்கு, அதாவது என்னிடம், வரவேண்டும்.

சாய்வான மேஜை, தலைக்கு நேர் மேலே ட்யூப்லைட். சட்டையை விரித்துப் போட்டால் காலரில் ஆரம்பிப்பாள். தோள், கை, பட்டன் பட்டி, அடி மடிப்பு என்று விரல் இறங்கும். பிறகு சட்டையைப் புரட்டி உள்பக்கம். எங்கேயாவது தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். கடைசியில் இரண்டில் ஒன்று. பாஸ், இல்லையென்றால் திருப்பி அனுப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் மலைமலையாகக் குவிந்துவிடும்.

அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளியின் காலரைப் புரட்டி, "இங்க தையல் விட்டுருக்கு பாருங்க, கடைக்காரன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்" என்று சொன்னாள். அந்த மனுஷன் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குழந்தைக்குப் புது கவுன் வாங்கினால் முதல் வேலையாக அதை உள்ளும் வெளியுமாகப் பார்த்து, பிசகு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிக் கடைக்கே திருப்பி எடுத்துப் போவாள். "இங்க தப்பு, இங்க தப்பு" என்று குழந்தைக்கு வேறு காட்டுவாள். ஸ்டிக்கருக்கா பஞ்சம்? அவள் முந்தானையில், கைமுட்டியில், செருப்பின் அடியில்கூட ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

இப்படிப்பட்டவள் வயிற்றில் வந்து பிறந்ததே ஒரு வாண்டு, அதைச் சொல்லவேண்டும். பெண் குழந்தை. ரெண்டரை வயது. காலில் சக்கரம் கட்டிவிட்டதுபோல எழுந்திருக்கும்போதே ஓட்டம்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. வாசலுக்கு வெளியே கம்பி அடைத்த நீளமான வராந்தா, அந்த மாடியில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொது. அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடதடவென்று ஓடும், சுவரைத் தொடும், திரும்பி ஓடிவரும். கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினால், பதிலுக்கு இதுவும் தரையைத் தட்டும். டீவி ரிமோட்டைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினால் அது வாளித் தண்ணீரில் கிடக்கும். கேட்டால், "குளிக்குது" என்று சொல்லும். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். சிரிப்புதான் முதலில் வரும்.

தெருமுனையில் ஒரு மழலைப் பள்ளி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது அங்கேதான் விடுவோம். ஒருநாள் சாயங்காலம் கூப்பிடப் போனபோது அங்கிருந்த டீச்சர் எங்களை நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்குது. கதை சொன்னா பாதியில எழுந்து போயிடுது. கூப்பிட்டா திரும்பறதில்ல. கவனக்குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

"ரெண்டரை வயசுல உக்காந்து கதை கேக்கணுமா? பெரியவங்களாலயே முடியலயே!" என்று நான் எகிறினேன். கழுகு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை எனக்குத் தெரியும். நல்ல துணி என்று நினைத்து எடுத்த சட்டையில் கடைசி மடிப்பில் ஓட்டை தெரிந்தால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

அவள் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். இந்த அறிகுறி இருக்கிறதா, அந்த அறிகுறி இருக்கிறதா என்று ஒவ்வொருவனும் ஒவ்வொன்று சொன்னான். காத்திருக்கத் தெரியாது, பொருளைத் தொலைக்கும், பேச்சைக் கேட்காது, ஏறக்கூடாத இடத்தில் ஏறும். இப்படிக் கேட்டால் உலகத்தில் எந்தக் குழந்தை தேறும்? ஆனால் அவள் ஒவ்வொன்றுக்கும், "ஆமா அண்ணி, இதுவும் இருக்கு" என்று தலையை ஆட்டினாள்.

பிறகு ஆரம்பித்தாள், கம்பெனியில் செய்கிற அதே வேலையை. சாயங்காலம் வந்ததும் கைகால் கழுவிவிட்டு, குழந்தையைத் தூக்கி ட்யூப்லைட்டுக்குக் கீழே சாப்பாட்டு மேஜையில் உட்காரவைப்பாள். முன்னால் விளையாட்டுக் கட்டைகளை அடுக்குவாள். "அம்மா சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது." பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள், திரும்புகிறதா என்று பார்ப்பாள். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பாள். கை, கால், கண் என்று மேலிருந்து கீழாக ஒரு பார்வை இறங்கும். குழந்தை நெளிந்தால் அவள் உதடு இறுகும். அது சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்து குதித்து ஓடினால் இவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிடுவாள்.

"ஏன்டி, பெத்த புள்ளய இப்படியா விரிச்சுப் போட்டுப் பாப்ப? அது என்ன சட்டையா?" என்று கத்தினேன்.

"இப்பவே பாத்தாதானே அண்ணி சரிபண்ண முடியும்? தைச்சு, மடிச்சு, பெட்டியில போட்டப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?"

"என் தம்பியும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தான். ஒரு இடத்துல நிக்கமாட்டான். இப்ப என்ன கெட்டுப்போயிட்டான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் அண்ணி எனக்குப் பயமே. இவரு எந்த வேலையில நிலைச்சாரு? டிரைவர் வேலைக்குப் போனாரு, விட்டாரு. கடை வச்சாரு, மூடினாரு. இப்ப கேபிள் இழுக்கறாரு, எத்தனை நாளைக்கோ. மனுஷன் தங்கம். ஆனா எதையும் முடிக்க முடியறதில்ல, அது அவருக்கே கஷ்டமா இருக்கு. ஏன் என்னால முடியலன்னு என்கிட்டயே அழுதிருக்காரு. என் பொண்ணும் நாளைக்கு அப்படி அழணுமா?"

தம்பி அழுதான் என்பதே எனக்குப் புதுச் செய்தி. சோம்பேறி, உருப்படாதவன் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவனை வறுத்தெடுத்திருக்கிறோம். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு போய்விடுவான். இவள் பயம் வெறும் பைத்தியக்காரப் பயம் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டாக்டரிடம் நாள் கேட்டு வைத்திருந்தோம். அதற்கு முந்தின நாள் அந்தக் கூத்து நடந்தது.

நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. வாண்டு இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ வினை என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். குழந்தை தானாகவே சாப்பாட்டு மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் முந்தானையிலிருந்து பிய்த்த சிவப்பு ஸ்டிக்கரை வைத்திருந்தது. ஒன்றைத் தன் வலது காலில் ஒட்டியது. இன்னொன்றை இடது காலில் ஒட்டியது. நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

"என்னடா தங்கம் பண்ற?"

"கால் தப்பு அத்தை" என்றது.

பின்னால் கழுகு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்துவிட்டது. ஓடிவந்து குழந்தையின் காலைப் பிடித்து ஸ்டிக்கரைப் பிய்த்தாள். "கால் தப்பில்லடி, கால் தப்பில்லடி கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவசரத்தில் ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிந்து மிச்சம் காலிலேயே நின்றது. குழந்தை மிரண்டுபோய், "நான் ஓடலைம்மா" என்றது.

மறுநாள் டாக்டர் அறை. குழந்தைகளுக்கான டாக்டர், வயதான அம்மாள். மூலையில் பாய் விரித்து, கூடை நிறையப் பொம்மை. மற்ற நாளாக இருந்தால் வாண்டு அந்தக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் மாட்டியிருக்கும். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இரண்டு கையும் மடியில். கண் மட்டும் அம்மா முகத்தில்.

டாக்டர் நிறையக் கேட்டார். தூக்கம் எப்படி, பேர் சொன்னால் எப்போதாவது திரும்புகிறாளா, பிடித்த விஷயம் என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறாள், கண்டதைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறாளா? கழுகு எல்லாவற்றுக்கும் குறையாகவே சொன்னாள்; என் தம்பி எந்த வேலையிலும் நிலைக்காததையும் சொன்னாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"வராந்தாவுல எறும்பு வரிசையா போச்சுன்னா அது முடியற வரைக்கும் குத்தவச்சுப் பாப்பா டாக்டர். என்னையும் இழுத்துட்டுப் போயி காட்டுவா. பிஸ்கட் டப்பாவைத் திறந்தா அடுத்த ரூம்ல இருந்து காது கேக்குது. நாம கூப்பிட்டாதான் கேக்காது!"

டாக்டர் சிரித்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வீட்டுலயும் இப்படி அசையாமதான் உக்காருவாளா?"

"இல்ல டாக்டர்" என்றாள் கழுகு. "இவ இப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல."

"உங்க முகத்தையேதான் பாத்துட்டு இருக்கா."

கழுகு குனிந்துகொண்டாள்.

"இங்க பாருங்கம்மா," என்றார் டாக்டர், "ஓடறது, ஏறறது, ஒண்ணைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போறது, இந்த வயசுல இதெல்லாம் சகஜம். அதைச் சொல்ல நாலு அஞ்சு வயசாகணும். வீடு, பள்ளிக்கூடம், வெளியிடம் எல்லா இடத்துலயும், மாசக்கணக்கா, அதே வயசுப் பிள்ளைங்களை விட ரொம்ப அதிகமா இருந்து, அதனால அவளாலயே எதுவும் செய்ய முடியாம போனாதான் அந்தப் பேரைச் சொல்லலாம். அப்பா வழியில இருக்குன்னா நாம கவனமா இருப்போம். காது டெஸ்ட் பண்ணிடலாம். தூங்கற நேரம், சாப்பிடற நேரம் ஒழுங்கா இருக்கட்டும். நல்லா விளையாட விடுங்க. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. நடுவுல பேச்சு நின்னுபோச்சு, பழகினது மறந்துபோச்சுன்னா உடனே வரணும்."

"அப்ப இருக்கா, இல்லயா டாக்டர்?"

"இப்ப எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"எங்க வேலையில அப்படிச் சொல்ல முடியாது டாக்டர்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் அவள் முதுகைத் தடவினேன். எனக்கும் எரிச்சல்தான். இருக்கிறது என்றால் அழுது தீர்க்கலாம், இல்லை என்றால் அந்த டீச்சரிடம் போய் நாலு கேள்வி கேட்கலாம். தெரியாது என்றால் என்ன செய்வது? ஆனால் அந்த அம்மாள் பூசி மெழுகவில்லை என்பதும் புரிந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் குழந்தை ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, "எவ்வளவு சமத்து!" என்றார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

மூன்றாவது மாடி ஏறினோம். வராந்தா காலியாகக் கிடந்தது. வெயில் கம்பி வழியாகக் கோடுகோடாக விழுந்திருந்தது. கழுகு குழந்தையை இறக்கிவிட்டாள்.

"ஓடுடா கண்ணு. போயி அந்தச் சுவரைத் தொட்டுட்டு வா."

குழந்தை நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தது.

"அம்மா திட்டமாட்டேன். ஓடு."

இரண்டடி வைத்தது. நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடி இரண்டடி. மறுபடி திரும்பிப் பார்த்தது. கழுகு சிரித்துக் காட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை, குழந்தைக்கு எப்படிப் பிடிக்கும்? அது மெதுவாக நடந்து திரும்பி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டது.

"நான் என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கேன்?" என்றாள்.

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். பிறகு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் புடவையிலிருந்து விடுவித்தாள். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி, முகத்தைச் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா பாக்கல" என்றாள் சுவரிடம். "அம்மா பாக்கவே இல்ல. போ."

குழந்தை என்னைப் பார்த்தது. நானும் சட்டென்று சாவியைத் தேடுகிறவள்போலப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் ஒரு காலடி. இன்னொன்று. பிறகு தட், தட், தட் என்று வராந்தாவின் அந்தக் கோடிவரை.

கழுகின் தோள் குலுங்கியது.

"இப்ப திரும்பலாமா அண்ணி?"

"திரும்பாதே" என்றேன்.