ஒச்சப்பன் எடுத்த சூரிச் டிக்கெட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் அரங்குக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் திகைப்பார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகிற காய் காலடியில் பச்சைப்பசேலென்று சிதறிக் கிடக்கும். மாதிரிக்கு வந்ததை வியாபாரிகள் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டது அது. நடந்தால் நறநறவென்று சத்தமும் பாயச வாசமும் எழும். ஒச்சப்பன் முப்பத்திரண்டு வருடமாக அதன்மேல் நடக்கிறார். வீட்டில் அவர் மனைவி பாண்டீஸ்வரி டீயில் இரண்டாவது ஏலக்காயைத் தட்டிப் போட்டால் மட்டும், "இன்னைக்கு என்ன விசேசம்?" என்று கேட்டுவிடுவார்.

அவர் ஊர் போடிக்குப் பக்கத்துச் சிலமலை. பத்தாவதோடு படிப்பு போதும் என்று படிப்பே சொல்லிவிட்டதால், போடியில் மகாராஜனின் ஏலக்காய்க் கடையில் காய் சலிக்கச் சேர்ந்தார். ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது மதுரையில் பி.காம். படித்த மகாராஜனுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பயம். பத்தாவது படித்த ஒச்சப்பனுக்குப் பயமில்லை. அன்றிலிருந்து மகாராஜன் பக்கத்தில் உட்கார்ந்து விலையைச் சொல்வார். பொத்தானை அமுக்குவது ஒச்சப்பன்.

அதில் அவர் ஒரு பெரிய ஆள். ஒவ்வொரு குவியல் ஏலத்துக்கு வரும்போதும் திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். அவசரப்பட்டு முதலில் அமுக்குகிறவன் தன் ஆசையைக் காட்டிக்கொடுத்துவிடுவான். எதிராளிகள் விலையை ஏற்றுவார்கள். ஒச்சப்பன் அமுக்கமாட்டார். தூங்குகிறாரோ என்று தோன்றும். கடைசி நொடிக்கும் அதற்கு முந்தைய நொடிக்கும் நடுவே எங்கேயோ விரல் இறங்கும். குவியல் மகாராஜனுடையதாகிவிடும். "ஒச்சப்பன் பொறுமை" என்று அரங்கில் அதற்கு ஒரு பெயரே உண்டு. அடுத்தவர் பணத்தில் இரண்டு நொடியில் லட்சங்களுக்குக் காய் எடுக்கிற அதே மனிதர், தனக்கு ஒரு ஜோடி செருப்பு எடுக்க மூன்று கடை, நான்கு நாள் எடுத்துக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் கார்த்திகா இத்தாலியில் மிலான் நகரத்தில் உணவுப் பதப்படுத்தும் படிப்பை முடித்து, அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு உத்தரவு வாங்கியிருந்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிலான் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைத்து, தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி கிடைக்கவே ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போதென்று தெரியாது; அனுமதி இல்லாமல் வேலையும் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏலம் தொடங்குகிற நேரத்தில், தோஹா விமான நிலையத்திலிருந்து அவள் குரல் வாட்ஸப்பில் வந்தது.

"அப்பா, மிலான் பிளைட்டு ரத்தாயிருச்சு. அங்க ஏர்போர்ட்டுல ஸ்டிரைக்காம். சூரிச் வரைக்கும் வேற பிளைட்டுல ஏத்தி விடுறாங்க. அது சுவிட்சர்லாந்துப்பா, பக்கத்து நாடு. அங்கேருந்து ரயில்லதான் போகணும். எல்லா வண்டியும் நெறைஞ்சிருச்சு. மூணு முப்பத்து மூணுக்கு ஒண்ணுலதான் எடம் இருக்கு. சீட்டு நம்பர் இல்லாம ஏத்த மாட்டாங்க. பின் நம்பரைத் தப்புத் தப்பாப் போட்டு என் கார்டு மொடங்கிப் போச்சு. உங்க கார்டுல வெரசா எடுத்து அனுப்பிருங்கப்பா. லிங்க்கும் பாஸ்போர்ட்டு படமும் அனுப்பிட்டேன். போனை அமத்தச் சொல்றாங்க, வர்றேன்."

இனி ஆறு மணி நேரத்துக்கு அவள் ஆகாயத்தில். ஒச்சப்பன் கணக்குப் போட்டார். அங்கே மூன்று முப்பத்து மூன்று என்றால் இங்கே இரவு ஏழு மணி. நேரம் கிடக்கிறது. ஏலத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெரசா என்ற சொல்லை அவர் காது கேட்டது, விரல் கேட்கவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டரில் அந்த ரயில் தளத்தைத் திறந்தார். மகாராஜன் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

பக்கம் என்ன பாஷையென்றே தெரியாத பாஷையில் திறந்தது. மூலையில் இருந்த கொடியைத் தட்டியதும் ஆங்கிலமாயிற்று. சூரிச், மிலான், தேதி எல்லாம் போட்டார். 'இந்த வண்டியில் ஐந்து இருக்கைகள்' என்றது. எந்த நாட்டுக் கார்டு என்று கேட்டு ஒரு பட்டியலை அவிழ்த்துவிட்டது. ஒச்சப்பன் கம்ப்யூட்டர் எலியின் சக்கரத்தை உருட்டினார். கேள்விப்பட்டே இராத நாடுகளெல்லாம் வரிசையாக வந்தன. இத்தனை தேசத்துக்காரனுமா அந்த ரயிலுக்குச் சீட்டு வாங்குகிறான்? நடுவில் இந்தியா வந்தபோது, கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல விரல் நின்றது.

"மொதலாளி, நம்ம பேரும் வச்சிருக்கான்."

"வைக்காம? நம்ம காசு கசக்குமா?"

அடுத்து ரயில் பெட்டியின் படம் வந்தது. எந்த இருக்கை ஜன்னலோரம், எது வண்டி போகிற திசையைப் பார்த்தது, மேசை எங்கே, கழிப்பறை எங்கே என்று அத்தனையும் வரைந்திருந்தான். ஒச்சப்பன் ஜன்னலோரமாக ஒன்றைத் தொட்டார். தொட்டதும் அது நிறம் மாறியது. 'இந்த இருக்கை உங்களுக்காகப் பத்து நிமிடம் வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, கீழே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஒச்சப்பன் அசந்துபோனார். பஸ்சில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போடிக்காரர்களுக்குத் தெரியும். அந்தத் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காருகிறவர்களையும் தெரியும். இங்கே முகம் தெரியாத ஒருத்தனுக்காக, கடலுக்கு அந்தப் பக்கம், யாரோ துண்டு போட்டுக் காவலும் நிற்கிறான்.

பெயர், பாஸ்போர்ட்டு, கார்டு எண் எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் நிரப்பிவிட்டார். பணம் செலுத்து என்ற பொத்தான் மட்டும்தான் பாக்கி. கடிகாரம் 5:48 என்றது. ஒச்சப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

மகாராஜன் தயிர்சோற்றை முடித்துக் கையும் கழுவிவிட்டு வந்தார். 2:10.

"என்னய்யா, இன்னும் அமுக்கலையா?"

"இருங்க மொதலாளி. இப்பவே அமுக்குனா நமக்கு அவசரம்னு தெரிஞ்சுபோகும்."

"ஆருக்குத் தெரியும்?"

ஏல அரங்கின் பழக்கம் ஒச்சப்பன் விரலைப் பிடித்து வைத்திருந்தது. 0:09. 0:05. கண்ணை இமைக்காமல் பார்த்தார். 0:02-இல் விரல் இறங்கியது. அரங்கமாயிருந்தால் நாலு பேர் கைதட்டியிருப்பார்கள். திரையோ பணம் போய்ச் சேர்வதற்குள், 'நேரம் முடிந்தது. உங்கள் இருக்கை விடுவிக்கப்பட்டது' என்றது.

"யோவ்!" மகாராஜன் தலையில் கை வைத்தார். "எதுத்து ஆளே இல்லாத ஏலத்துல தோத்த ஒரே ஆளு நீதான்யா."

மறுபடி திறந்தபோது, 'இரண்டு இருக்கைகள்' என்றது.

"எதுத்து ஆளு இல்லைங்கிறீக. அப்ப மூணு சீட்டை ஆரு எடுத்தது?" என்று ஒச்சப்பன் கேட்டார். குரலில் பழைய தெம்பு இல்லை. அந்த மூன்று பேரும் எந்தெந்த ஊரில் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்கள் யாரும் கடைசி நொடிவரை காத்திருக்கவில்லை.

இந்தமுறை நிரப்பி முடித்த கையோடு அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றியது. 'உங்கள் வங்கி இந்தக் கார்டை ஏற்க மறுத்துவிட்டது.'

ஒச்சப்பனுக்கு முகம் வெளுத்தது. பெட்ரோல் பங்கைத் தாண்டி எங்கேயும் போயிராத கார்டு அது. மகாராஜன் கார்டைப் போடலாமென்றால், அவர் கிரெடிட் கார்டே வாங்காத மனிதர். கடன் என்று பெயர் வைத்த பொருளைப் பையில் வைக்கமாட்டேன் என்பது அவர் கட்சி. வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால், ஒரு பெண் குரல் தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

பாட்டுக்கு நடுவே மகாராஜன்தான் சொன்னார்: "போன்ல உன் பேங்குக்காரன் ஆப்பு இருக்குல்ல, அதுல பாரு. என் தங்கச்சி மவன் சிங்கப்பூர் போகையில எதையோ தொறந்து வுட்டுட்டுத்தான் போனான்."

தேடினார். கார்டு, அமைப்புகள், அதற்குள் இன்னொரு பட்டியல். அங்கே, 'வெளிநாட்டுப் பயன்பாடு' என்று ஒரு சின்ன விசை அணைந்து கிடந்தது. கார்டு வந்த நாளிலிருந்து அப்படியேதான் கிடந்திருக்கிறது. தட்டினார். பச்சையானது. அவ்வளவுதான். அவர் அப்பா மலைக்குக் காய் எடுக்கப் போடிமெட்டு தாண்டி கேரளாவுக்குள் போகும்போது செக்போஸ்ட்டில் ஜீப்பை நிறுத்தி ஆளை எண்ணுவார்கள். ஒரு தட்டில் உலகத்தையே திறந்துவிடுகிறானே என்று ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மூன்றாவது தடவை தளத்தைத் திறந்தார். 'ஓர் இருக்கை.' ஜன்னலும் இல்லை, திசையும் இல்லை, கழிப்பறைக்கு அடுத்தது. விலையும் முதலில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. ஒச்சப்பன் விலையைப் பார்க்கவில்லை. விலையைப் பார்க்காமல் அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

"பேரு எழுத்து சரியா பாரு. அவசரத்துல வேற எவளையாவது ஏத்தி வுட்டுறாத."

"சரியா இருக்கு, மொதலாளி. செத்த பேசாம இருங்க."

முதலாளியைப் பேசாமல் இருக்கச் சொன்னதும் அதுதான் முதல்முறை. மகாராஜன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அமுக்கினார். மேசைமேல் போன் உறுமியது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி., ஆறு எண்கள். சூரிச்சுக்கோ எங்கேயோ போய்ச் சேர்ந்த கேள்வி வங்கியைத் தேடிப் போய், வங்கி இந்த மாடியைத் தேடி வந்துவிட்டது; அமுக்கிய விரல் இன்னும் எலியை விட்டு எடுபடவில்லை. ஆறையும் போட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே லோடு ஏற்றுகிறவர்கள் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஒச்சப்பன் மூச்சு விட்டாரா என்று மகாராஜனுக்குச் சந்தேகம் வந்தது.

டிக்கெட்டு வந்தது. கார்த்திகா பெயர், பெட்டி எண், இருக்கை எண், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆறு ஐம்பது.

ஒச்சப்பன் அதை மகளுக்கு அனுப்பினார். சந்தேகத்துக்கு இன்னொருமுறை அனுப்பினார். பிறகு படம் எடுத்து அதையும் அனுப்பினார். ஐந்து மணி வாக்கில் பதில் வந்தது: "எறங்கிட்டேன்பா. மூணும் வந்துருச்சு. ஒண்ணு போதும்."

வீட்டுக்கு வந்ததும் பாண்டீஸ்வரியிடம் எதையும் விளக்காமல் போனை நீட்டினார். ஓடுகிற ரயிலை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் பக்கத்தை மகள் அனுப்பியிருந்தாள். ஏழு மூன்றுக்குப் புள்ளி நகர்ந்தது. ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

"அதுக்குள்ள நம்ம புள்ள இருக்காளா?" பாண்டீஸ்வரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"கக்கூசுக்குப் பக்கத்துல."

"என்னங்க, பாத்து எடுக்கக் கூடாதா?"

ஒச்சப்பன் வரைபடத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

ஏரிகளை ஒட்டிப் போன புள்ளி, எட்டு மணியைத் தாண்டியதும் ஒரு மலையின் அடியில் போய் முட்டியது. சுற்றிப் போகவில்லை, ஏறவில்லை. நேரே உள்ளே போனது. ஒச்சப்பன் அந்த இடத்தைத் தொட்டுப் படித்தார். ஐம்பத்தேழு கிலோமீட்டர் சுரங்கம்.

அதை இரண்டுமுறை படித்தார். போடியிலிருந்து போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிப்பதற்குள் ஜீப்பில் ஒருத்தராவது வாந்தி எடுத்துவிடுவார். பக்கத்துப் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காக இரண்டு கிலோமீட்டர் மலையைக் குடையப் போகிறோம் என்று சொன்னதற்கே வருடக்கணக்கில் ஊர் கூடிப் பேசியது. சுவிட்சர்லாந்துக்காரர்களோ போடியிலிருந்து தேனி, ஆண்டிபட்டி எல்லாம் தாண்டுகிற தூரத்துக்கு மலையின் வயிற்றுக்குள்ளேயே தண்டவாளம் போட்டுவிட்டு, அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. டிக்கெட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"மலைக்குள்ளயா போறா?"

"உள்ளதான்."

"பயந்துக்கிருவாளோ?"

"அவளுக்கு என்ன, போனைப் பாத்துக்கிட்டு இருப்பா." சொன்னாரே தவிர, இருவருமே புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாண்டீஸ்வரி எழுந்து போகவில்லை. தலைக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறையை வைத்துக்கொண்டு தங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும், அந்த இருக்கையைப் பெட்ரோல் பங்கைத் தாண்டி எதுவும் தெரியாத ஒரு கார்டு வாங்கித் தந்திருக்கிறது என்பதும் அவர்களுக்கு ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. இருபதாவது நிமிடம் புள்ளி மலையின் அந்தப் பக்கம் வெளியே வந்தது.

ரயில் மிலானுக்கு ஒன்பது நிமிடம் தாமதமாகப் போனது. ஒச்சப்பனுக்கு அதில் ஒரு ஆறுதல். அவர்களும் மனிதர்கள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கார்த்திகாவிடமிருந்து முத்திரை குத்திய ஒரு தாளின் படம் வந்தது. "கைரேகை வச்சாச்சுப்பா. ஒண்ணாந்தேதி வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க." ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்வதற்காகக் கீழே இறங்கிப் போனார். போனவர், "ஏப்பா, அம்பத்தேழு கிலோமீட்டரு! மலைக்குள்ளயே!" என்று தொடங்கி, கையை நீட்டி மடக்கி, ஏரி, பாறை, புள்ளி என்று அரைமணி நேரம் பேசினார். மகளுக்கு வேலை உறுதியான சேதியைப் பிறகு மகாராஜன்தான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.